ஒரு கிலோச் சிலுவை

மாமனார் செவத்தியான்
நீலத்தொப்பிப் பட்டாளத்தில் போய் வந்தவர்.
கட்டாங்கா என்றொரு நாடு
இரண்டரை வருசம் இருந்ததாம்.
அதை இல்லாமல் ஆக்கப் போன கூட்டத்தில்
இவர் வயர்லெஸ் பெட்டி சுமந்தார்.

தபாலாபீஸ் வாசலில் பொறுக்கியது
இந்தச் சட்டப் புத்தகம். பிரெஞ்சு.
சின்னப்பாலத்தில் யாருக்குப் புரியும்?
ஓரம் அகலமாக விட்டு அச்சடித்திருந்தார்கள்,
பாசிக் கணக்குக்குத் தோது.

நான்காம் பிரிவின் பக்கத்தில்
கட்டக்கோரை பதினோரு மூடை.
ஒன்பதில் மரியசெல்விக்குக் கைமாற்று நூறு.
வாடை முறுகிய நாட்களுக்கு
வெறும் கோடு.

காரைக்காலிலிருந்து வந்த கன்னியாஸ்திரி
ஒரு சாயங்காலம் விரல் வைத்து வாசித்தார்:
கொடிக்கு என்ன நிறம்,
அதிபர் எப்படிச் சத்தியம் செய்யணும்,
ஒரு வரியைத் திருத்த எத்தனை கை உயரணும்.
"நாடு முடிஞ்சு போனா என்ன செய்யணும்னு
போட்டிருக்கா சிஸ்டர்?"
முன்னும் பின்னும் புரட்டினார்.
கடைசித் தாளை ராமபாணம் தின்றிருந்தது.

அந்த ஊர்ச் செம்புச் சிலுவை ஒன்றும் வந்திருந்தது.
நம்ம சிலுவை இல்லை,
பெருக்கல் குறி மாதிரி.
ஏவாரி ஆசையாக வாங்கிப்போய்
தராசில் ஒரு கிலோ என்று வைத்தான்.

எட்டு வருசம் கழித்து
ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்:
நூற்றுப்பத்து கிராம் கூடுதல்.
"அரசாங்கக் கல்லுதாம்மா" என்றான்.

எந்த அரசாங்கம் என்று நான் கேட்கவில்லை.
ஈரம் காய்வதற்குள்
மூடையை ஏற்ற வேண்டியிருந்தது.