ஒரு மணி நேரம் உபரி

புவெர்த்தோ மோந்த் படகுத்துறைக் கூடத்தில்
இரவில் தரை துடைப்பவன் நான்.
வைஃபை பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று
முதுகில் எழுதி ஒட்டிக்கொள்ள நினைத்ததுண்டு.

அன்று ஜூலை மழை, கண்ணாடியில் சாய்ந்து அடித்தது.
எதெல்மீரா ஒயார்சோ, கடற்பாசி அறுப்பவள்,
மாவுச் சாக்குக்குள்ளிருந்து
மடிக்கணினியை வெளியே எடுத்தாள்,
கோழியைத் தூக்குவதுபோல் இரு கையாலும்.
நள்ளிரவுக்குள் மானிய விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.
திரை மூலையில் விசிறியின் வளைவுகள் எல்லாம் நிறைந்திருந்தன.
அதன் கீழே பொடி எழுத்தில்
'இணைக்கப்பட்டது. இணையம் இல்லை.'

"தாலி ஏறிவிட்டது, குடித்தனம் இல்லை"
என்றார் லாரிக்காரர் நொல்பெர்த்தோ,
புந்தா அரேனாஸிலிருந்து அன்று மாலைதான் வந்தவர்.

அப்புறம் வைத்தியம் தொடங்கியது.
அணைத்துப் போடு என்றார் ஒருவர்.
போட்டாள்.
நெட்வொர்க்கை மறக்கச் சொல் என்றார் இன்னொருவர்.
மறந்தது, மறுபடி அறிமுகமானது,
மறுபடி அதே முகத்தைக் காட்டியது.
விமானப் பயன்முறையில் ஏற்றி இறக்கினார்கள்.
ரௌட்டர் கழிவறைக்கு மேலே இருக்கிறது என்று
நானும் வாயை விட்டேன்.
கணினியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
ஈரத்தரையில் நடந்தாள்.
அந்த இடத்தை அப்போதுதான் துடைத்திருந்தேன்.

சைத்தேன் போகக் காத்திருந்த மாணவி லிசெத்
காதிலிருந்து ஒரு இயர்போனை மட்டும் கழற்றினாள்.
உள்நுழைவுப் பக்கம் எட்டிப் பார்க்கும்போதே
சிவப்பு எச்சரிக்கை வந்து அதை மறைத்தது.
எல்லோரும் அதை மூடிக்கொண்டிருந்தோம்.
அவள் மட்டும் படித்தாள்.
'இத்தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.'
'இன்னும்' என்ற சொல்லில் அவள் விரல் நின்றது.

தேதியைப் பாருங்கள்.
2011, ஜனவரி ஒன்று.

உள்ளே ஒரு காசளவு பேட்டரி
எப்போதோ செத்துப்போயிருக்கிறது.
ஒவ்வொரு முறை விழிக்கும்போதும்
அதற்குப் புத்தாண்டு.
இன்று கையெழுத்தான காகிதத்தை
அந்த வருடத்திலிருந்து பார்த்தால்
போலி என்றுதானே தோன்றும்?
எதெல்மீரா மெதுவாகச் சொன்னாள்:
"2011இல் என்னிடம் படகு இருந்தது."

சுவர்க் கடிகாரம் நாலு இருபதில் நின்று மாதக்கணக்காகிறது.
நொல்பெர்த்தோ மணிக்கட்டை நீட்டினார்.
"பொய் சொல்லாத கடிகாரம். பதினொன்று ஐம்பது."
பத்தே நிமிடம்!
என் பையிலிருந்த கைபேசியைப் பார்க்க
எனக்கும் தோன்றவில்லை.

நேரத்தைத் திருத்தினார்கள்.
எச்சரிக்கை போனது, பக்கம் விரிந்தது.
துறைமுகத்தின் படம், ஒரு சால்மன் விளம்பரம்,
'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்று ஒரு கட்டம்.
அமுக்கு, அமுக்கு என்று நான்கு குரல்.

எதெல்மீரா அமுக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியை எடுத்து,
ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, படிக்கத் தொடங்கினாள்.
முதல் பத்தி. இரண்டாம் பத்தி.
"படிக்காமல்தான் அன்று படகைக் கொடுத்தேன்" என்றாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
நாங்கள் அடங்கினோம்.
துடைப்பத்தைப் பிடித்தபடி நான் நின்ற இடத்தில்
தண்ணீர் குளம் கட்டியது.

பதினோராம் பத்தி முடிந்தது. அமுக்கினாள்.

இணையம் வந்ததும் முதல் வேலையாகக்
கடிகாரம் தானே ஒரு குதி குதித்தது, பின்னோக்கி.
பத்து ஐம்பத்தெட்டு.

லிசெத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
புந்தா அரேனாஸில் குளிர்காலத்தில்
ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவார்கள்.
நொல்பெர்த்தோ கடிகாரத்தைக் கழற்றித்
தட்டிப் பார்த்தார், அதன்மேல் தப்பில்லை என்று தெரிந்தும்.

விண்ணப்பம் இரண்டே நிமிடத்தில் ஏறியது.
உபரியாக ஒரு மணி நேரம்,
யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.
எதெல்மீரா சாக்கிலிருந்து மில்காவ் எடுத்துப் பிய்த்தாள்.
ஆறிப்போயிருந்தது, உப்பு அதிகம்.
எனக்கும் ஒரு துண்டு.

கணினியை அணைக்கவா என்று கேட்டாள் லிசெத்.
"வேண்டாம், கொஞ்ச நேரம் இருக்கட்டும்,
அணைத்தால் திரும்பிப் போய்விடும்."