முளை

பலகைக்கு அறுபது சொல் என்றார்கள்.
சிங்களம் எழுதியாயிற்று, ஆங்கிலம் எழுதியாயிற்று,
மிச்சமிருந்த இடம் தமிழுக்கு.
டிக்கோயாவுக்கு மேலே பழைய இரும்பாலையின் வாசலில்
மழை விடட்டும் என்று நிற்கிறேன்,
திணைக்களத்தின் மொழிபெயர்ப்பாளர், இரண்டாம் தரம்.

உலையைச் சுற்றி மஞ்சள் கயிறு.
கூரைத் தகரம் புதிது.
கசடு கொட்டிய மேட்டில் புல் வைத்திருக்கிறார்கள்.
புல்லுக்குத் தனிப் பலகை: மிதிக்காதீர்.

யுத்தத்துக்கு முன் இங்கே வார்த்தது
கொழுந்து உருட்டும் மெஷினுக்குப் பல்சக்கரம்.
நாற்பத்திரண்டில் ஒரு லொறி ஏறி வந்தது.
இறங்கிய மேஜர் ஒரு சாண் இரும்பை
மெக்ராய் துரையின் மேசையில் வைத்தான்:
கூடார முளை. மாதம் இருபதாயிரம்.

பீரங்கி இல்லை. குண்டு இல்லை.
அது போதவில்லை போலும்,
ஆங்கிலத்தில் 'ஆயுத உற்பத்தி' என்றிருக்கிறது.
நான் முளை என்றே எழுதினேன்.
தமிழ் வாசிக்கத் தெரிந்த பொறுப்பாளர் குலதுங்க கேட்டார்,
"முளை என்றால் நாற்று இல்லையா மிஸ்?
இங்கே நாற்றுமேடை இருந்ததா?"

செக்ரோல் கண்ணாடிப் பெட்டிக்குள்.
திறந்திருக்கும் பக்கம் ஓகஸ்ட், நாற்பத்து மூன்று.
வெள்ளைக்கண்ணு, உலைக்கு.
சடையாண்டி, அச்சு மணலுக்கு.
ஆவுடை, மணல் சலிக்க. அரைப் பேர்.
அரைநாள் சம்பளத்தை இந்த மலையில் அப்படித்தான் சொல்வோம்.
மாதம் முழுக்க ஆவுடை அரைப் பேராகவே இருக்கிறாள்,
பதினேழாம் திகதி மட்டும் முழுசு.
ஏனென்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அரிசி இல்லை அப்போது, கோதுமை மா.
விமானம் வரும், வெளிச்சம் தெரியக் கூடாதென்று
லயத்தில் தப்படித்துச் சொல்லிப் போனார்கள்.
காம்பராவில் குப்பி விளக்கு எரிந்தால் அபராதம்.
மேட்டில் உலை மட்டும்
விடிய விடிய வானத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு கிடந்தது.

முளைகள் கண்டி போய், கொழும்பு போய்,
பர்மாவின் சேற்றில் இறங்கின.
எந்தக் காற்றுக்கும் பிடுங்கவில்லை என்று
பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது.
அதுவும் பெட்டிக்குள். கடிதம் முளைகளைப் பற்றியது.

நாற்பத்தெட்டில் சட்டம் வந்தது.
வெள்ளைக்கண்ணுவிடம் அவன் அப்பன் பிறந்த பத்திரம் கேட்டார்கள்.
அப்பன் பிறந்தது ஆடி மழையில்,
இதே ஆற்றுக்கு அக்கரை லயத்தில்,
பத்திரம் எழுத எவரும் ஏறி வராத வருஷத்தில்.
சடையாண்டி எழுபதில் தலைமன்னாரில் கப்பலேறினான்
என்கிறது இன்னொரு தாள். ஆவுடையைப் பற்றித் தாள் இல்லை.

ஊர் ஊராய்க் கூடாரம் நிற்க முளை வார்த்தவனுக்கு
மண்ணில் ஒரு முளை இல்லை
என்று எழுதி, அடித்தேன்.
பலகைக்கு ஆகாது. கொஞ்சம் அழகாகவும் இருந்தது,
அதனால் கூடுதல் சந்தேகம்.

எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தேழு.
மூன்று சொல் மிச்சம்.
கடைசி வரியாகச் சேர்த்தேன்:
ஆவுடை, முழுப் பேர்.
"இது யார் மிஸ்?" என்றார் குலதுங்க.
"மணல் சலித்தவள்."
அவர் தலையை ஆட்டினார். அது ஆம் என்பதா என்று
இங்கே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பலகையின் காலுக்குக் குழி வெட்டிய பையன்
அடியில் ஒரு கூடையளவு முளை கண்டெடுத்திருக்கிறான்,
வார்ப்பில் வளைந்து, வேண்டாமென்று புதைத்தவை.
ஈரச் சீமெந்துக்குமேல் தார்ப்பாயை விரித்து
நாலு மூலையிலும் அவற்றையே அறைந்துவிட்டான்.

குலதுங்க குடையில்லாமல் ஓடுகிறார்:
"அடேய், அது தொல்பொருள்! கழற்று!"
பையன் இரண்டு கையாலும் இழுக்கிறான்,
குந்தி உட்கார்ந்து, பல்லைக் கடித்து.
"வரமாட்டேங்குது சேர்."