எரித்துப் பார்த்தல்

பெட்டியில் இரண்டாயிரத்து எழுநூறு என்று போட்டிருந்தது.
நான் பெட்டியைக் கேட்கவில்லை.
பல்பைக் கேட்டேன்.

பழைய ரோச்சின் பல்ப், இரண்டு துண்டு வயர்,
உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று,
காத்தான்குடியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மீற்றர்.
பல்ப் மணிக்கு முந்நூறு குடிக்கும்.
ஒன்பது மணித்தியாலம் எரியவேண்டும்.
மகளின் சீ.ஆர். கொப்பியைப் பின்பக்கம் திருப்பி
நேரம் எழுதினேன்: பின்னேரம் ஆறு ஐந்து.

சோறு வடித்தேன். பார்த்தேன்.
மீன் கழுவினேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
எட்டே காலுக்குப் பல்பின் கம்பி
ஊதாத கொள்ளிபோலச் சிவந்து கிடந்தது.
மீற்றரில் சைபர் தசம் ஒன்பது.
அறுநூற்றைம்பது.
இருமுறை பெருக்கினேன். அவ்வளவுதான்.

போன வியாழன்
பழையது இரண்டு, புதிசாய் இந்தப் பொய்யன் ஒன்று,
தலைவிளக்கில் போட்டுக்கொண்டு வாவிக்கு இறங்கினார் புவிராஜ்.
நெஞ்சளவு தண்ணி. அத்தாங்கில் அரைவாசி இறால்.
விளக்கு மங்கவில்லை,
சொல்லாமல் போய்விட்டது.
கல்லடிப் பாலத்து வெளிச்சத்தைக் குறிவைத்துக்
கிறுகிக் கிறுகிக் கரையேறினாராம்.
குதிகாலில் கெளுத்தி முள்.
"பழுதில்ல" என்றார், நொண்டிக்கொண்டு.

மூன்றையும் தனித்தனியே எரித்த பிறகுதான் விளங்கியது.
பழையது ஒன்று ஆறு மணித்தியாலம், மற்றது ஐந்தரை.
வரிசையில் நிற்கும்போது
முதலில் களைத்தவனை மற்ற இருவரும் விடமாட்டார்கள்.
அவனுக்கு ஊடாகவே தள்ளிக்கொண்டு போவார்கள்
நேர் மறையாகி
மறை நேராகும்வரை.
நுண்கடன் குழுவில் நாங்கள் நாலு பேர்
திலகரஞ்சினியைச் செய்ததும் இதுதான்.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

கடையில் நஸ்றுல்லா சிரித்தார்.
"எண் பெட்டிக்குத்தான் தங்கச்சி, பற்றரிக்கில்ல."
கொப்பியை விரித்தேன்.
சிரிப்பை நிறுத்திவிட்டு
நேரங்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.
மறுகா கண்ணாடிக்குக் கீழே குனிந்து
உறை உரிந்த வெள்ளைப் பற்றரி நாலு எடுத்தார்.
எழுத்தில்லை, எண்ணில்லை,
எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை.
"எரிச்சுப் பாத்துப்போட்டுக் காசு தாங்க."

நாலு இரவு.
நிரப்பி, ஆறவிட்டு, எரித்து, மறுபடி நிரப்பி.
நிறைந்த பிறகும் ஊட்டினால் கொதிக்கும்.
மகளுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றாய்க் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஆறு ஐம்பது. ஆறு ஐம்பத்தைந்து. ஏழு.
நாலாவது சார்ஜரிலேயே கொதித்தது, கழற்றிவிட்டேன்.
நகப்பூச்சால் இலக்கம் போட்டேன்: ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றுக்குக் காசு கொடுத்தேன்.
நாலாவதை வாங்கிக்கொண்டு
"அந்தக் கிளிப் எப்படிப் பூட்டின?" என்று கேட்டார் நஸ்றுல்லா.

பொய்யனை எறியவில்லை.
சுவர் மணிக்கூட்டில் கிடக்கிறான்.
மணிக்கூட்டுக்குத் தாகம் குறைவு.
ஒரு வருசம் ஓட்டுவான் போலிருக்கிறது.

இன்றிரவு ஒன்பதரைக்கு இறங்கினார்.
விளக்கு ஆறு மணித்தியாலம் தாங்கும்.
ஐந்தரை என்று சொல்லி அனுப்பினேன்.
நானும் ஒரு பெட்டிதான்,
என்ர எண்ணும் பிழைதான்,
குறைத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவே.

மூன்று மணி.
மூன்று ஐந்து.
சார்ஜரைக் கழற்றிச் சுற்றி வைத்தேன்.
வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.
மூன்று பன்னிரண்டு என்கிறான் பொய்யன்.
நாய் முதலில் எழும்புகிறது.
வேலிக்கு அங்கால்
ஒரு வெளிச்சம்,
கொஞ்சமும் மங்காமல்,
நொண்டி நொண்டி வருகிறது.