உறை கிழிந்த குழாய்

யாகூத்ஸ்கில் வெந்நீர்க் குழாய்களைப் புதைக்க முடியாது.
அடியில் இருப்பது மண்ணோடு இறுகிய பனி.
சூடு பட்டால் இளகும், தெரு உட்கார்ந்துவிடும்.
அதனால் குழாய்கள் ஊருக்கு மேலே நடக்கின்றன.
பாதை குறுக்கிட்டால் வளைந்து ஏறி,
லாரிக்கு வழிவிட்டு
மறுபடி இறங்கி.

இருபத்தாறு வருடம் அவற்றுக்குச் சட்டை தைத்தவன் நான்.
கண்ணாடிப் பஞ்சு, மேலே தகரம்,
தகரத்தின் மேல் கம்பிக் கட்டு.

முதலில் கால்விரல் நுனியில் ஒரு மதமதப்பு.
காலுறைக்குள் மணல் என்று நினைத்து
உதறினேன், உதறினேன்.
விழ மணல் இல்லை.
பிறகு எறும்பு.
பிறகு இரவுகள்.

வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
விட்ட மூச்சு உறைந்து காதருகே சலசலக்கும் குளிர்.
நான் போர்வைக்கு வெளியே கால் நீட்டி
ஜன்னல் கண்ணாடியில் பாதங்களை அழுத்திக் கிடந்தேன்,
தணலில் நிற்பவன்போல.
துயாரா விழித்துக்கொண்டாள்.
"எங்கே எரிகிறது?"
தொட்டாள். பாதம் சில்லிட்டிருந்தது.
அவள் கை ஒன்று சொன்னது, என் கால் ஒன்று சொன்னது.
இரண்டில் ஒன்று பொய் என்று
அன்றைக்கு நினைத்தேன்.

"மூளைக்குள்தான் இருக்கிறது உனக்கு" என்றான் நியுர்குன்.
கரடிக் கொழுப்பும் தந்தான்.
தேய்த்தேன். நாற்றம் மட்டும் ஒரு வாரம் நின்றது.

மருத்துவமனையில் அய்தலினா கேட்டாள்:
ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?
"எந்த மணி வலி?"
கேட்டதும் எனக்கே கூச்சம்.
அவள் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டாள்.
பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டி
என் கணுக்கால் எலும்பில் வைத்தாள்.
நின்றதும் சொல்லுங்கள்.
"நின்றுவிட்டது."
எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் எண்ணினேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
எனக்குள் முடிந்துபோன ஒன்று
அவளுக்குள் பதினொரு நொடி ஓடிக்கொண்டிருந்தது.

சர்க்கரை, என்றாள்.
நரம்பையும் அதன் உறையையும் அரிக்கிறது.
நீளமான நரம்புதான் முதலில் போகும்.
இதை எனக்குச் சொல்லவா வேண்டும்!
குழாயின் கோளாறு எங்கிருந்தாலும்
கடைசி வீட்டுக்காரன்தான் முதலில் போன் செய்வான்.

அக்டோபரில் ஒரு நாள்
வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றினேன்.
துயாரா பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.
குதிகாலில் நான் கட்டும் கம்பித் துண்டு,
பாதிக்கு மேல் உள்ளே.
காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறேன்,
ஏணி ஏறியிருக்கிறேன்,
கடையில் உருளைக்கிழங்குக்கு வரிசையில் நின்றிருக்கிறேன்.
இல்லாத தீக்கு இரவெல்லாம் அலறிய கால்
இருந்த கம்பிக்கு
வாய் திறக்கவில்லை.

அவள் இடுக்கியால் இழுத்தாள். எனக்கு வலிக்கவில்லை.
அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

இப்போது தினமும் படுக்கும்முன்
கட்டிலில் குப்புறக் கிடக்கிறேன்.
அவள் போன் வெளிச்சத்தில் விரலிடுக்கு விரலிடுக்காய்
என் பாதங்களைப் படிக்கிறாள்.
கைவிரல்களும் தொடங்கிவிட்டன.
சட்டைப் பொத்தான் பிடி கொடுப்பதில்லை.
தேநீரின் சூட்டை விரல் சொல்லாது,
உதடு சொல்லும், தாமதமாக.
மாத்திரை பாதி கேட்கும். மீதி கேட்காது.

"ஏதாவது இருக்கிறதா?"
"ஒன்றுமில்லை."
விளக்கை அணைத்த கையோடு எரியத் தொடங்கும்.

கடைசி வீட்டிலிருந்து போன் வரும் அந்த நாட்களில்
குழாய் நன்றாய்க் கொதித்துக்கொண்டிருக்கும்,
ஆனாலும் குளிர்கிறது என்பார்கள்.
பொய் சொல்கிறாய் என்று யாரிடமும் சொன்னதில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டு போவேன்,
கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொடுவேன்,
அவர்கள் சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

போர்வைக்குள் குனிந்து
வலது பாதத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.
வந்துவிட்டேன். சொல்.