ம்

மார்ச் மாதக் காய்ச்சல் போகும்போது
ஒர்னெல்லாவின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது.
அதன் மேல் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.
மணம்தான் வருவதில்லை.

தண்டர் பேயில் இதில் ஒரு லாபம் உண்டு என்பாள்.
காற்று திரும்பி
காகித ஆலை நாறும் நாட்களில்
தெருவே ஜன்னலைச் சாத்த
அவள் மட்டும் கொடியில் போர்வை காயப்போடுவாள்.
அந்த நாற்றத்தில் முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.
பேசாமல் இருந்தேன்.

டிசம்பர் வந்தது. லாபம் தீர்ந்தது.

பதினேழு டஜன் குக்கீ.
பங்குக் கோவில் விற்பனைக்கு ஆறு,
அண்ணன் வீட்டுக்கு மூன்று,
பனி வாரும் வண்டிக்காரனுக்கு ஒன்று
(நம் வாசலை அவன் புதைக்காமல் இருக்க),
மீதி யாருக்கென்று
எந்த வருடமும் கணக்குத் தேறியதில்லை.

முதல் தட்டு கருகியது.
அவளுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது;
ஹாக்கியில் கடைசி நான்கு நிமிடம்.

அவள் திட்டவில்லை.
தொலைக்காட்சியை அணைத்தாள்.
ஒரு நாற்காலியை அடுப்போரம் இழுத்துப் போட்டு
“உட்கார்” என்றாள்,
“இன்று நீதான் என் மூக்கு.”

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
கல்யாணமான நாள் முதல்
அவள் சமைத்த எல்லாவற்றுக்கும்
நான் எழுதிய விமரிசனம்
ஒற்றை மெய்யெழுத்து.
ம்.

எலுமிச்சையின் மஞ்சளை மட்டும் சீவினாள்.
வெள்ளையைத் தொட்டால் கசக்கும்.
சீவலைச் சர்க்கரையில் போட்டு
விரல் நுனியால் கசக்கினாள், ஈர மணலாகும் வரை.
பிறகு மாவு, வெண்ணெய், இரண்டு முட்டை.
உருட்டி வைத்தவை வெந்து ஆறின.
மேலே ஊற்ற, சலித்த சர்க்கரைத் தூளில்
சொட்டுச் சொட்டாகச் சாறு.
கரண்டியில் தோய்த்து என் வாயருகே நீட்டினாள்.

“சொல்.”
“நல்லா இருக்கு.”
“சோப்புகூட நல்லாத்தான் இருக்கும்.
புளிப்பு எனக்கே தெரிகிறது. இனிப்பு தெரிகிறது.
எலுமிச்சை தெரியவில்லை.
அது இருக்கிறதா?”

வாயைத் திறந்தேன். முத்து எதுவும் உதிரவில்லை.
மறுபடி நக்கினேன்.
“இருக்கு. ஆனால்
சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்
யாரோ பேசுகிற மாதிரி.”

துருவியை எடுத்தாள். இன்னும் அரைப் பழம்.
“இப்போது?”
“அறைக்குள் வந்துவிட்டார்.”
“உட்கார்ந்தாரா?”
“இல்லை. கோட்டைக் கழற்றாமல்
நின்றுகொண்டே இருக்கிறார்.”

என்னை ஒரு முறை பார்த்தாள்,
ஆலையிலிருந்து வேறு யாரோ
என் சட்டையில் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல.
பிறகு ஆரஞ்சை எடுத்து வேகமாகச் சீவினாள்.
விரல் முட்டி துருவியில் உரசியது.
கவனிக்காமல் மற்ற பாதி எலுமிச்சையைப் பிழிந்தாள்.

ஸ்ஸ்ஸ்...

விரலை வாயில் வைத்தபடி சிரித்தாள்.
கண்ணில் நீர் நின்றது. சிரிப்பு நிற்கவில்லை.
“இது எலுமிச்சைதான்.
இதற்கு உன் சாட்சி வேண்டாம்.”

நள்ளிரவுக்கு மேல்
தட்டுகள் ஜன்னலோரம் வரிசையில் இருந்தன.
தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை.
வெளியே பனி வாரும் வண்டி
தன் ஒரு டஜனுக்காக
எங்கள் வாசலைப் பார்த்து மெதுவாகப் போனது.

படுக்கையில் அவள் கேட்கவில்லை.
நானாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.
முதலில் பல்லில் சர்க்கரை நொறுங்குகிறது,
மெல்லிய பனித்தட்டில் செருப்பு வைத்தது போல.
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் விழுங்கியபின், எதிர்பார்க்காத நேரத்தில்,
இரவு ஷிஃப்ட் முடிந்து
ஆலைக் கதவைத் தள்ளி வெளியே வந்ததும்
நெஞ்சுவரை இறங்குமே ஒரு காற்று,
அது.
ஆரஞ்சு கொஞ்சம் அதிகம்தான்.
கோட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார், காப்பி கேட்கிறார்,
ஒர்னெல்லா, கேட்கிறதா?

தலையணைக்குள்ளிருந்து
“ம்” என்றாள்.