புள்ளி மாட்டுத் தோல்

ஏற்காட்டை மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள்
சடையன் மகள் காந்தாளுக்குச் சாதிச் சான்று விசாரணை.
மேலிடத்துக் கேள்வித்தாள் என் கோப்பில் நனைகிறது:
பூர்வகுடிதானா.
எத்தனை தலைமுறையாக.
என்ன சாமி, என்ன சீர்,
பிணத்தை எந்தப் பக்கம் தலைவைத்துப் புதைப்பார்கள்.

குடை மடங்காமல் நானும்
செருப்பைக் கையில் பிடித்தபடி அவரும் மகளும்
ஒதுங்கியது பழைய காப்பித் தோட்டத்து பங்களாவில்.
இப்போது ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம்.

வரவேற்பறைச் சுவரில் கேடயம்.
முக்கால் ஆள் உயரம்,
வெள்ளைத் தோலில் செம்பழுப்புப் புள்ளி.
குறுக்கே குட்டை ஈட்டி.
அடியில் பித்தளைத் தகடு:
சேர்வராயன் மலைப் பழங்குடியினரின் ஆயுதம்.

"இவங்களோடதுதான் மேடம்" என்றார் மேலாளர்,
சடையனைக் கைகாட்டி.
சடையன் கிட்டப் போய்
தோலை முகர்ந்து பார்த்தார்.
"இந்த மாடு எங்க மலையில மேஞ்சதில்ல."

பக்கத்தில் சட்டமிட்ட படம்.
மீசைக்காரத் துரை, புகைந்த குடிசைகள்,
ஓரத்தில் மசியால்: உலுண்டி, 1879.
கைபேசியில் தேடினேன், சிக்னல் விட்டு விட்டு வந்தது.
சூலு நாடு.
தை மாதத்தில் ஈட்டிக்குத் தோற்ற வெள்ளைப் பட்டாளம்
ஆடியில் சுழல் துப்பாக்கியோடு வந்து
அரசனின் ஊரை எரித்தது.
அந்த ஈட்டியை உடலிலிருந்து உருவும்போது எழும் ஓசைதான்
அதன் பெயராம்.
சொல்லிப் பார்த்தேன். என் நாக்குக்கு வரவில்லை.

துரை போரை முடித்து இங்கே காப்பி நட்டிருக்கிறார்.
அங்கே சுட்டவனுக்கும் நேட்டிவ்,
இங்கே குழி வெட்டியவனுக்கும் நேட்டிவ்.
ஒரே மசிப்புட்டி.

எங்கள் வீட்டிலும் ஒரு தாள் உண்டு,
தகரப் பெட்டியில், எல்ஐசி பத்திரத்துக்கு அடியில்.
குப்பாண்டி, வயது இருபத்திரண்டு,
சேலம் ஜில்லா, ஓமலூர் தாலுகா,
இடது புருவத்தில் தழும்பு.
மதராஸில் கப்பல் ஏறும்வரை அவர் நேட்டிவ்.
டர்பனில் கால் வைத்ததும் கூலி.
அங்கே நேட்டிவ் என்றால் வேறு ஆள்,
இந்தத் தோலைப் பிடித்திருந்த ஆள்.
அவனிடமிருந்து பிடுங்கிய மண்ணில்
எங்கள் பாட்டனின் பாட்டன் கரும்பு வெட்டி
மணியார்டர் அனுப்பினார்.
அதில் வாங்கிய ரெண்டு ஏக்கரில்
படித்து வந்தவள்தான்
யார் பூர்வகுடி என்று கேட்க உட்கார்ந்திருக்கிறேன்.

"சொல்லுங்க, எப்ப இருந்து இங்க இருக்கீங்க?"

சடையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"நாங்க காஞ்சிபுரத்து ஆளுங்க.
அண்ணன் தம்பி மூணு பேரு,
சாமியத் தூக்கிக்கிட்டு வந்து
ஆளுக்கொரு மலை ஏறினாங்க."

பேனா நின்றது.
இதை அப்படியே எழுதினால்
சேலத்தில் யாராவது ஓரத்தில் கிறுக்குவார்:
வந்தேறி, நிராகரிக்கலாம்.
காந்தாளுக்குக் கலந்தாய்வு வியாழக்கிழமை.

"அந்தக் கதை வேணாமா?" என்றார்.
"வேணும்" என்றேன்.
எழுதவில்லை.
தலைமுறைக் கட்டத்தில்
'நினைவுக்கு எட்டிய காலம் முதல்' என்று போட்டு
முத்திரையை மூன்று முறை அழுத்தினேன்.
ஈரத்தில் மை பிடிக்கவே இல்லை.

திரும்பினால் காந்தாளைக் காணோம்.
நாற்காலி மேல் நிற்கிறாள்,
ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால்
தகட்டின் திருகாணியைத் திருகிக்கொண்டு.
மேலாளர் கத்துகிறார்.
இரண்டு கழன்று விழுந்தன.
மூன்றாவது துருப்பிடித்திருக்கிறது.
"கீழ வா புள்ள" என்கிறார் சடையன்,
நாற்காலியைக்
கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.