குறிப்பு என்றொரு கட்டம்

சனி இரவு ஷிப்ட் முடிந்து
சிப்காட் கேட்டில் பெருவிரல் வைத்துவிட்டு
நேராக வண்டியை எடுத்தேன்.
எட்டு மணி நேரம் பேரிங் வளையங்களில்
கீறல் தேடிய கண்கள்.
இனி தாரில் தேட வேண்டும்.

தேன்கனிக்கோட்டை டீக்கடையில்
முனிரத்னா காத்திருந்தாள், கையில் இரும்பு ஸ்கேல்.
அஞ்செட்டி சாலையில் நடக்கிற வேகத்தில் போகிறோம்.
பால் வண்டிக்காரர் ஒருவர் ஹாரனை அழுத்தி
"என்னம்மா தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போகிறார்.

முதல் கல்லுக்குள் தேரை நான்கு.
நான்காவது தேரைதானா என்பதில் எங்களுக்குள் சண்டை.
கடைசியில் "தோல்" என்று எழுதினோம்.
கொம்பேறிமூக்கன் ஒன்று.
மழை பெய்த மறுநாள் மரவட்டையை எண்ணி மாளாது,
கல்லுக்குப் பத்தடி போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.
பத்தடியில் நாற்பத்தொன்று.

மூன்றாம் வளைவில் மரநாய்.
ஸ்கேலை வைத்தபோது
அடிவயிறு இன்னும் சூடாக இருந்தது.
தின்ன வரும் காக்கையும் அடிபடக் கூடாது,
உடலைச் சாலையிலிருந்து அகற்று என்பது விதி.
முனிரத்னா கையுறை மாட்டி
உண்ணிப் புதருக்குள் தூக்கிப் போனாள்.
ஒரு தேக்கிலையால் முகத்தை மூடிவிட்டு வந்தாள்.
அது விதியில் இல்லை.

போன மாதம் இந்தக் கணக்கை
ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோனோம்.
சார்ட்டில் சிவப்புப் பட்டைகள்,
மாதத்துக்கு ஒன்று.
பின் வரிசையிலிருந்து கெம்பராஜ் எழுந்தான்:
"செத்தத எண்றீங்க.
தாண்டிப் போனத யாரு எண்றா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
வகுப்பு சிரித்தது.
அவன் உட்காரவில்லை.
"எங்கப்பா தக்காளி லாரி.
ராத்திரி ரெண்டு கண்ணு மட்டும் தெரியுமாம்.
திடீர்னு பிரேக் அடிச்சா
கிரேட்டு சரிஞ்சு போகுமாம்,
வாடகையில புடிப்பாங்களாம்."
ஆசிரியர் கையசைக்க, அவன் உட்கார்ந்தான்.
நான்தான்
என்ன சொல்வதென்று தெரியாமல்
சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

வேலையில் எனக்குத் தெரிந்தது இரண்டு பெட்டிதான்:
தேறியது, தேறாதது.
தேறியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை,
அது லாரி ஏறிப் போய்விடும்.

பதினோராம் கல் தாண்டி
முனிரத்னா என் தோளைத் தட்டினாள்.
சாலையில் கறுப்பாக இரண்டு கோடுகள்,
புத்தம் புதிய டயர்த் தடம்.
அதன் முடிவில்
தார் முழுக்கச் சிவப்பு.
மனசைக் கல்லாக்கிக்கொண்டு இறங்கினேன்.

தக்காளி.

நசுங்கியது, பிளந்தது,
பள்ளத்தில் உருண்டு முழுசாய்க் கிடப்பது.
இரண்டு பக்கமும் புல்லை விலக்கிப் பார்த்தோம்.
ரத்தம் இல்லை, முடி இல்லை.
ஈர மண்ணில் என்னவோ ஓடிய குழிகள்.
மழையில் கரைந்திருந்தன.
மானா, பன்றியா, ஊர் நாயேதானா?
ஸ்கேல் வைத்தும் பிடிபடவில்லை.

பிரேக் தடத்தை அளந்தோம்: பதினாலு அடி, ஆறு அங்குலம்.
இனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
எண்ணிக்கையில் ஒரு கோடு.
குறிப்பு என்ற கட்டம் சின்னது,
என் கையெழுத்து பெரிது:
"உடல் இல்லை. தக்காளி சுமார் அரை கிரேட்.
வண்டி நின்றிருக்கிறது."

முனிரத்னா பள்ளத்தில் இறங்கி
நல்லதாய் ஒன்றைப் பொறுக்கி
துப்பட்டாவில் துடைத்துக் கடித்தாள்.
இன்னும் ஆறு கல் பாக்கி.